ஆறு மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள்

எங்கள் லைனில், சுரங்கக் கம்பெனி கட்டிய வரிசை வீடுகளில், மாலை ஆறு மணிக்குப் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிடுவார்கள். நம் ஊர்ப் பக்கம் ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையைத் தானே கூப்பிடுவாள். ஒரே பெயரை நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி நீட்டி, அப்படியும் வராவிட்டால் கையில் ஒரு குச்சியோடு போவாள். இங்கே அப்படியில்லை. குழாயடியில் ஒரே ஒரு பெண் நின்றுகொண்டு, முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரைக்கும் வரிசையாகப் பெயர்களைச் சொல்லுவார். கையில் காகிதம் கிடையாது. ரோஷன், டேனி, ஜெனி, கீர்த்தி, கீர்த்தியின் தம்பி என்று போகும். பெயர் கேட்ட பிள்ளை எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் "வந்துட்டேன் ஆன்ட்டி" என்று குரல் கொடுத்தபடி ஓடிவந்து, குழாயில் காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போக வேண்டும். குரல் வராத பிள்ளையைத் தேடப் பெரியவர்கள் அப்போதே கிளம்பிவிடுவார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் நான் இதை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகும் இன்னொரு பள்ளிக்கூடமா என்று மாமனாரிடம் கேட்டேன். அவர் வீடுகளுக்குப் பின்னால் தெரிந்த சாம்பல் நிற மணல் மேட்டைக் கை காட்டினார். "அதுக்கு அந்தாண்ட பழைய ஷாப்ட்டு கீதுமா. மூடி வெச்சதும் கீது, மூடாததும் கீது. எது மூடினது, எது மூடாததுன்னு கொழந்தைக்குத் தெரியுமா?" சுரங்கத்துக்குள் இறங்குகிற குழியைத்தான் ஷாப்ட்டு என்றார். சுரங்கம் மூடி எத்தனையோ வருடமாகிவிட்டது. பெயர் கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை.

நான் நாசரேத் பக்கத்துப் பெண். இப்போது இருப்பது கர்நாடகத்தில், கோலார் தங்க வயலில், ஸ்கெலட்டன் என்று வெள்ளைக்காரன் காலத்தில் பெயர் வைத்த குடியிருப்பில். துபாய்க்கோ கனடாவுக்கோ போயிருந்தால் ஊரில் என்னைப் பாவம் என்பார்கள். இங்கே வந்ததை யாரும் வெளியூர் வாழ்க்கை என்றே ஒத்துக்கொள்வதில்லை. "அங்கயும் நம்ம தமிழாட்கதானட்டி, ஒனக்கென்ன கஷ்டம்?" என்று அம்மா போனில் கேட்பாள். தமிழ்தான். ஆனால் வந்த முதல் மாதம் பக்கத்து வீட்டுக்காரர் "இன்னா மா, தண்ணி வந்துகீதா?" என்று கேட்டபோது, அவர் என்னை அதட்டுகிறார் என்று நினைத்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நான் "என்ன செய்யுதீங்க அக்கா?" என்று கேட்டால் குழாயடியே சிரிக்கும். சினிமா பேசுகிறேன் என்பார்கள். இவர்களுடைய கொள்ளுத்தாத்தாக்கள் வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்கள். அவர்களும் வந்தவர்கள்தான். ஆனால் முதலில் வந்தவர்கள். பம்பாய்க்கும் பெங்களூருக்கும் வாழ்க்கைப்பட்டுப் போயிருக்கிற என் சிநேகிதிகளுக்கு நான் சொல்வது புரியும். தன் மொழிக்குள்ளேயே அந்நியப்படுவதற்கு விசா தேவையில்லை.

பாளையங்கோட்டைக் கல்லூரியில் நான் படித்தது பி.காம். தணிக்கைப் பாடம் எனக்குப் பிடிக்கும். மற்றப் பெண்கள் அதை மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். நான் அதை நம்பினேன். கண்ணால் பார்த்ததை எழுது, கேள்விப்பட்டதை எழுதாதே, பார்த்தேன் என்று எழுதியதன் கீழே கையெழுத்துப் போடு என்கிற மூன்று விஷயமும் வேத வசனம் மாதிரி எனக்குள் இறங்கிவிட்டது. சி.ஏ. முடிக்க வேண்டும் என்பது அப்போதே முடிவான ஆசை. இரண்டாம் கட்டத் தேர்வை முடித்திருந்தபோது, சபைப் போதகர் மூலமாக இந்த வரன் வந்தது. சாம் பெங்களூரில் வேலை பார்க்கிறார். படிக்க வைப்பதாகச் சொன்னார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பெனிட்டா பிறந்து ஒன்றரை வயதானபோது பெங்களூரில் ஒரு சார்டட் அக்கவுண்டன்ட்டிடம் பயிற்சிக்குச் சேர்ந்தேன். இந்தப் பயிற்சி முடிந்து, அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் இறுதித் தேர்வு எழுதலாம். எழுதித் தேறினால்தான் என் பெயரில் உரிமம். ஆக, என் ஆயுசின் பாதி அந்த ஒரு மனிதரின் பேனாவில் இருந்தது. எங்கள் தொழிலில் அவரைப் பிரின்சிபால் என்போம்.

விடியல் ரயிலுக்கு நானும் சாமும் இருட்டிலேயே கிளம்பிவிடுவோம். திரும்பும்போது பெனிட்டா பாதித் தூக்கத்தில் இருப்பாள். மாமியார் இல்லாத வீடு. மாமனார் ஓய்வூதியக்காரர், சுரங்கத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டதால் குழந்தையைத் தூக்கினாலே இரைப்பார். காலையில் எட்டு மணிக்கு அவர் பெனிட்டாவை அடுத்த வீட்டு ஸ்டெல்லாக்காவிடம் விடுவார். ஸ்டெல்லாக்கா பக்கத்தில் ஒரு சின்னத் தையல் கம்பெனியில் பள்ளிச் சீருடை தைக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர் வேலைக்குப் போகிற நாளில் மூன்றாம் வீட்டு விமலாக்கா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார் என்றும் தெரியும். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. குழந்தை சாப்பிட்டாளா, காய்ச்சல் இருக்கிறதா, இவ்வளவுதான் ரயிலிலிருந்து போனில் கேட்பேன். இரண்டு பேரும் என்னை "சி.ஏ.ம்மா" என்று கூப்பிடுவார்கள். "சி.ஏ.ம்மா பொண்ணு இன்னிக்கு ரெண்டு இட்லி துன்னிச்சு, கணக்குல எழுதிக்கோ" என்பார் விமலாக்கா. மாலையில் குழாயடியில் நின்று பெயர் கூப்பிடுவதும் அவர்தான். பெனிட்டா சேர்ந்த இரண்டாவது வாரத்தில், ஒரு விடுமுறை நாள் மாலை, ஜெனிக்கும் கீர்த்திக்கும் நடுவில் என் மகளின் பெயர் வந்தது. "பென்னி." ஜெனி ஸ்டெல்லாக்காவின் மகள். அவள் பெனிட்டாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவந்து, "வந்துட்டேன் சொல்லுடி" என்று சொல்லிக்கொடுத்தாள். நான் அடுப்படியில் நின்று அழுதேன். ஊருக்குப் போன் செய்து சொன்னால் அம்மாவுக்கு இதில் அழ என்ன இருக்கிறது என்று புரியவில்லை.

போன வருடம் ஒரு புதன்கிழமை பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். பெங்களூரில் அவருக்கு ஒரு சீருடைக் கம்பெனி வாடிக்கையாளர். அவர்களுக்குத் தைத்துக் கொடுக்கிற சின்ன ஒப்பந்த யூனிட் ஒன்று எங்கள் ஊரில் இருந்தது. பதிவேட்டில் இருக்கிற ஆட்கள் உண்மையிலேயே வேலை செய்கிறார்களா என்று நேரில் பார்க்க வேண்டும். "நீங்க அந்த ஊர்தானே? நாளைக்கு ஆபீஸ் வர வேண்டாம். நேரா அங்க போயிடுங்க. முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். பேரை வாசிச்சு, ஆளைப் பார்த்து, டிக் பண்ணி, கீழ கையெழுத்து" என்றார். எனக்கு அன்று இருந்த சந்தோஷம், ஒரு நாள் விடியல் ரயில் இல்லை என்பதுதான். எந்தக் கம்பெனி, அதில் யார் தைக்கிறார்கள் என்று யோசிக்கவில்லை. யோசித்தேனோ என்னவோ. இப்போது திரும்பிப் பார்க்கும்போது யோசிக்காமல் இருந்திருக்க முடியாது என்றும் படுகிறது.

வியாழக்கிழமை காலை பெனிட்டாவை நானே கொண்டுபோய் விட்டேன். ஸ்டெல்லாக்கா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கினார். "வேலைக்குப் போகலியாக்கா?" என்று கேட்டேன். "இன்னிக்கு எனக்கு ரெஸ்ட்டு மா. நீ இன்னா, வெள்ளன கெளம்பாம இங்க நிக்குற? வேலைய வுட்டு தூக்கிட்டாங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

யூனிட் ஒரு பழைய கிடங்கு. உள்ளே முப்பது தையல் இயந்திரங்கள், நீலத் துணி மலை. மேற்பார்வையாளர் பங்காரப்பேட்டைப் பக்கத்துக் கன்னடக்காரர், வயதானவர், மரியாதையாக நாற்காலி போட்டார். நான் பெயர்களை வாசித்தேன். ஒவ்வொருத்தியாக எழுந்து கையைத் தூக்கிக் கம்பெனி அட்டையைக் காட்டினார்கள். பதினேழாவது பெயர் ஸ்டெல்லா மேரி. மூன்றாவது வரிசையில் ஒருத்தி எழுந்தாள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. விமலாக்கா. கையில் இருந்த அட்டையின் படம் பல வருட வியர்வையில் முகமே இல்லாமல் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் பயப்படவில்லை. முகம் மலர்ந்தது. பக்கத்து இயந்திரத்துப் பெண்ணிடம் குனிந்து சொன்னது எனக்குக் கேட்டது. "நம்ம பொண்ணுதான். எங்க லைன் பொண்ணு."

கல்யாணமாகி ஐந்து வருடத்தில் என்னை அந்த லைனின் பெண் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் டிக் போட்டேன்.

மீதிப் பெயர்களை எப்படி வாசித்தேன் என்று நினைவில்லை. முடிந்ததும் மேற்பார்வையாளரிடம் மெதுவாகக் கேட்டேன், பதினேழு யார் என்று. என் கன்னடம் அப்போது கடையில் காய் வாங்குகிற அளவுதான். அவர் இயந்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இப்ரூ ஒந்தே மேடம்" என்றார். இருவரும் ஒன்றுதான். அவர் சொன்னது, இரண்டு பேரும் ஒரே மாதிரி நன்றாகத் தைப்பார்கள், யார் வந்தாலும் வேலை நின்றதில்லை என்று. இது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அப்போது எனக்குக் கேட்டது ஒரு ஒப்புதல் வாக்குமூலம். தெரிந்தே செய்கிறார்கள், மேற்பார்வையாளருக்கும் தெரியும், எழுதாவிட்டால் நானும் தெரிந்தே செய்தவளாவேன். தேநீர் வந்தது. படிவத்தின் கடைசி வரி என் முன்னால் இருந்தது: மேற்கண்ட ஒவ்வொருவரையும் நேரில் கண்டு, அவரே என உறுதி செய்தேன். அதன் கீழே என் பெயருக்கான கோடு.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் அப்பாவி இல்லை. கல்லூரியில் கனகா என்று ஒரு சிநேகிதி, நாங்குநேரியிலிருந்து பஸ்ஸில் வருவாள். முதல் பீரியடுக்கு அவளால் ஒருநாளும் வர முடியாது. ஒரு முழுப் பருவமும் அவள் பெயர் வாசிக்கப்பட்டபோது குரலைக் கொஞ்சம் மாற்றி "பிரசன்ட் மேம்" என்று சொன்னவள் நான். அது எனக்குப் பாவமாகவே தோன்றியதில்லை. பஸ் அப்படி, அவள் என்ன செய்வாள் என்று தோன்றியது. அந்தக் கிடங்கில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கனகா நினைவுக்கு வந்தாள். வந்தும், நான் போட்ட டிக்கைக் கோடு கிழித்து அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினேன்: பெயருக்குரியவர் அல்ல, வேறு நபர். பிறகு கையெழுத்துப் போட்டேன். வெளியே வரும்போது விமலாக்கா இயந்திரத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல் விரலை மட்டும் ஆட்டி டாட்டா காட்டினார், பெனிட்டாவுக்குக் காட்டுகிற மாதிரி.

வீட்டில் அன்று எதுவும் சொல்லவில்லை. ஒரு சின்னக் குறிப்புதானே, சரிசெய்யச் சொல்லுவார்கள், இரண்டு பேர் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொல்லுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்து நாளில் இருவரையும் நிறுத்திவிட்டார்கள். பெயரைக் கடன் கொடுத்ததற்காக ஸ்டெல்லாக்காவை. விமலாக்காவை நிறுத்தினார்கள் என்று சொல்லக்கூட முடியாது. பதிவேட்டின்படி அவர் அங்கே ஒரு நாளும் வேலை செய்ததில்லை. ஆறு வருடம் தைத்தவர், வாசலில் நின்று தன் கத்தரிக்கோலையும் டிபன் பாக்ஸையும் கேட்டபோது, காவலாளி உள்ளே விடவில்லையாம். நீ யாரு என்று கேட்டானாம்.

நான் பிரின்சிபாலிடம் போனேன். அந்தப் பதினேழாவது குறிப்பை மாற்றி எழுத முடியுமா சார், அவர்கள் ஏமாற்றவில்லை, ஒரு வேலையை இரண்டு பேர் பகிர்ந்துகொள்கிறார்கள், அங்கே அது வழக்கம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"வழக்கம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

தெரிந்தவர்கள் இருக்கிற இடத்துக்குத் தணிக்கைக்குப் போகக்கூடாது. போக நேர்ந்தால் முதலிலேயே சொல்லி ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இது எங்கள் பாடத்தில் முதல் அத்தியாயம். பெயரை வாசித்து விமலாக்கா எழுந்த அந்த நொடியிலேயே நான் பேனாவை மூடிவிட்டு வெளியே வந்து போன் செய்திருக்க வேண்டும். வேறு ஒருவர் வந்து பார்த்திருப்பார். அவருக்கு விமலாக்காவின் முகம் தெரியாது. பதினேழுக்கு நேரே ஒரு டிக் விழுந்திருக்கும். என் விதிப்புத்தகத்தை நான் ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தாலே அவர்கள் பிழைத்திருப்பார்கள். இதெல்லாம் அவர் கேட்டு முடித்த அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு விளங்கியது. ஆமாம் சார், என் குழந்தையை வளர்ப்பவர்கள் என்று சொன்னால் பயிற்சி என்னவாகும் என்பதும் விளங்கியது.

"இல்ல சார். யாருன்னே தெரியாது."

"அப்ப எழுதினது எழுதினதாவே இருக்கட்டும். நல்ல கவனிப்பு" என்றார். என் பயிற்சிக் குறிப்பேட்டில் அந்த மாதத்துக்கு அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

இதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, சாமிடம்கூட. உண்மையை எழுதி அவர்களைக் கெடுத்தேன், பொய்யைச் சொல்லி என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். வரிசை மாறியிருந்தால், தெரிந்தவர்கள் என்ற உண்மையை முதலிலேயே சொல்லியிருந்தால், எல்லோருமே தப்பித்திருப்போம்.

லைனில் யாரும் என்னோடு சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நம் ஊர் மாதிரி இரண்டு நாள் சத்தம் போட்டு, மூன்றாம் நாள் பேசியிருக்கலாம். நான் குடத்தோடு குழாயடிக்குப் போனால் விமலாக்கா பேச்சை நிறுத்தி, "சி.ஏ.ம்மா வராங்க, எல்லாரும் நேரா நில்லுங்க" என்பார். ஒருத்தி கையைத் தூக்கி "மேரி, பிரசன்ட்" என்பாள். இன்னொருத்தி, "நான் நேத்து நானா, இன்னிக்கு நானா, கொஞ்சம் பார்த்து சொல்லுமா" என்பாள். சிரிப்பு. பிறகு எனக்கு வழி விட்டு, என் குடத்தை முதலில் வைக்கச் சொல்லுவார்கள். அந்த மரியாதைதான் தாங்க முடியாது. என் குடம் நிறைகிற வரைக்கும் யாரும் பேசமாட்டார்கள்.

ஸ்டெல்லாக்கா பெனிட்டாவின் சாமான்களைக் கொண்டுவந்து கொடுத்தார். மாற்றுக் கவுன் இரண்டு, இஸ்திரி போட்டது. அவளுடைய ஸ்பூன். பாதி தீர்ந்த பிஸ்கட் பாக்கெட், ரப்பர் பேண்டு போட்டு. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். இனிமேல் முழு நாளும் வீட்டில்தானே இருப்பீர்கள், குழந்தையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். கேட்கக் கூடாததைத்தான் கேட்டேன். தெரியும். அவர் கையை உதறவில்லை. மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"டைம்மு கீதுமா, நெறைய கீது. ஆனா வேணா. கொழந்த வெளையாடுற எடத்துல வுழும், அடிபடும். நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நீ எழுதிடுவ."

அவர் போன பிறகு மாமனார் கட்டிலில் உட்கார்ந்தபடி சுவரைப் பார்த்துப் பேசினார். சுரங்கத்தில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் கீழே இறங்குவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கன் உண்டாம். அண்ணனுக்குக் காய்ச்சல் என்றால் தம்பி அந்த டோக்கனோடு இறங்கிவிடுவானாம். வேலை அண்ணனுடையதாகவே இருக்கும். அவருடைய சித்தப்பா ஒரு நாள் அப்படித்தான் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருக்க, தம்பி அவருடைய டோக்கனோடு இறங்கியிருந்தார். கீழே பாறை வெடித்தது. ஷாப்ட்டு வாசலில் செத்தவர்களின் பெயரை வாசித்தபோது சித்தப்பாவின் பெயரை வாசித்தார்கள். அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கூட்டத்தில்தான் நின்றுகொண்டிருந்தாராம். நான் இங்கே இருக்கிறேன் என்று சொன்னால், செத்தது தம்பி என்று ஆகிவிடும். "வாயத் தொறக்கவேல்ல. கேஜ் மேல வர்ற வரைக்கும் வாயத் தொறக்கவேல்ல" என்றார் மாமனார். இரைப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "கம்பெனிக்கு டோக்கன் வந்தா போதும். ஆளு யாருன்னு எங்களுக்குத் தெரியும். நீ ரெண்டையும் தெரிஞ்சுகினு எழுதிட்ட." அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. சாமும் என்னைத் திட்டவில்லை. "நீ செஞ்சது தப்புன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா நான் பொறந்த லைன்டி இது." ரயிலில் அவரோடு சீட்டு விளையாடுகிற ஐந்தாறு பேர் வேறு பெட்டிக்கு மாறிவிட்டார்கள்.

பெனிட்டாவை ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மழலையர் காப்பகத்தில் போட்டோம். மாலை நாலரைக்கு மாமனார் ஆட்டோவில் கூட்டிவருவார். வந்ததும் அவள் பையை வீசிவிட்டு லைன் பிள்ளைகளிடம் ஓடிவிடுவாள். மூன்றரை வயதுக்குத் தணிக்கை தெரியாது. பிள்ளைகளும் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாள் ஆறு மணிக்குப் பெயர் கூப்பிட்டபோது நான் ரயிலில் இருந்தேன். மாமனார்தான் சொன்னார். ரோஷன், டேனி, ஜெனி, கீர்த்தி. நடுவில் இருந்த பெயர் வரவில்லை. பிள்ளைகள் எல்லோரும் கால் கழுவிக்கொண்டு போனார்கள். இவள் குழாயடியில் நின்றாள். தன் பெயரைக் கூப்பிடவில்லையே, எப்படி வீட்டுக்குப் போவது என்று நின்றாள். விமலாக்கா குழாயை மூடிவிட்டுப் போய்விட்டார். தெரு விளக்கு எரிந்த பிறகு மாமனார் போய்த் தூக்கிவந்திருக்கிறார். "ஏன் தாத்தா, என் பேர் மறந்து பூட்டாங்களா?" என்று கேட்டாளாம். மறுநாளும் நின்றாள். அதற்கு அடுத்த நாளும். மாமனார் ஐந்தே முக்காலுக்கே வாசலுக்கு வந்து அவளைக் கூப்பிட ஆரம்பித்தார். அவள் வரமாட்டாள். கூப்பிட வேண்டியது தாத்தா இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

பயிற்சி முடிந்தது. பிரின்சிபால் கையெழுத்துப் போட்டார். இறுதித் தேர்வுக்கு இன்னும் முப்பத்தெட்டு நாள் இருக்கிறது. படிப்பதற்காக ஜன்னலோரம் மேசையைப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். நேற்று ஒரு மாதிரித் தேர்வு எழுதினேன். அதில் ஒரு கேள்வி: தணிக்கைக்குச் சென்ற உதவியாளர், அங்கே பணிபுரிபவர் தமக்கு நெருக்கமானவர் எனக் கண்டால் என்ன செய்ய வேண்டும்? ஒன்றரைப் பக்கம் எழுதினேன். முழு மதிப்பெண் வந்தது. அம்மாவிடம் போனில் சொன்னேன். "நீ எப்பமே நல்லாப் படிக்கிற பிள்ளதான" என்று சந்தோஷப்பட்டாள். தேறிவிட்டால் பெங்களூரிலேயே வீடு பார்த்துப் போய்விடலாம் என்கிறார் சாம். ஊருக்கே வந்துவிடேன், திருநெல்வேலியில் ஆபீஸ் போடேன் என்கிறாள் அம்மா. போகலாம். எங்கே போனாலும் பெனிட்டா "இன்னா" என்று கேட்கிற பிள்ளையாகத்தான் போவாள். "என்னன்னு சொல்லு" என்று நான் திருத்தினால், "இன்னா என்ன?" என்கிறாள்.

முந்தாநாள் மாலை நான் ஜன்னலோரம்தான் இருந்தேன். ஸ்டெல்லாக்காவின் ஜெனி காலையிலேயே பேத்தமங்களாவில் இருக்கிற அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். ஸ்டெல்லாக்கா அவளுக்கு ரிப்பன் கட்டி பஸ் ஏற்றிவிடப் போனதை நானே பார்த்தேன். லைனுக்கே தெரியும். ஆறு மணி ஆயிற்று. விமலாக்கா குழாயடிக்கு வந்தார். ரோஷன் என்றார், வந்துட்டேன் ஆன்ட்டி. டேனி என்றார், வந்துட்டேன் ஆன்ட்டி. அடுத்ததாக, வருடக்கணக்கான பழக்கத்தில், நாக்கு தானாகவே போய்விட்டது.

"ஜெனி."

யாரும் இல்லாத அந்தப் பெயருக்கு வேலியோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "வந்துட்டேன் ஆன்ட்டி."

என் மகளின் குரல். ஓடிவந்து குழாயடியில் நின்றாள், மூச்சு வாங்க, விமலாக்காவை அண்ணாந்து பார்த்துக்கொண்டு. விமலாக்கா அவளைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி நேராக என் ஜன்னலைப் பார்த்தார். என் கையில் பேனா இருந்தது. கீர்த்தியும் அவள் தம்பியும் விளையாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஸ்டெல்லாக்கா தன் வாசல்படியில் நின்றார். அவர் மகளின் பெயர் அது.

"ஜெனி வந்தாச்சு" என்றார் விமலாக்கா. குனிந்து குழாயைத் திறந்துவிட்டார். "கால நல்லாக் கழுவு. கீர்த்தி."

பெனிட்டா ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக் கழுவினாள். எல்லோரும் பார்க்க, தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்து வந்தாள். பாதி வழியில், ஜெனி வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில், நின்றுவிட்டாள். எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஸ்டெல்லாக்கா வாசலில் நின்றபடி அசையவில்லை. நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். பெனிட்டா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் ஓடிவந்துவிடுவாள். கூப்பிட வாயைத் திறந்தேன். குழாயடியில் பெயர்கள் இன்னும் முடியவில்லை. கூப்பிட்டால் அது லைன் முழுக்கக் கேட்கும். வந்தது ஜெனி இல்லை என்று ஆகிவிடும்.

நான் வாசலில் நின்றேன், என் மகளின் பெயரைச் சொல்லாமல்.